முதுகு காட்டி நிற்கும் வீடு

என் மேசையில் இப்போது 43 வீடுகள் கிடக்கின்றன. எல்லாமே ஒரே கிழவியின் வீடு. சில பென்சிலில், சில மையில். சிலவற்றில் வண்ணம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருக்கிறேன். ஸ்லாவியக் கதைகளைக் குழந்தைகளுக்காகத் தமிழில் சொல்லும் ஒரு புத்தகத்துக்குப் படம் வரைய ஒப்புக்கொண்டு எட்டு மாதம் ஆகிறது. ஓநாய், நெருப்புப் பறவை, தவளை இளவரசி எல்லாம் சொன்ன நாளுக்கு முன்பே முடிந்துவிட்டன. பாபா யாகாவின் வீட்டில் வந்து நின்றுவிட்டேன்.

அந்தக் கிழவியைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ரஷ்ய, உக்ரைனிய, பெலாரஸ் கதைகளில் அடர்காட்டுக்குள் தனியாக வாழ்பவள் பாபா யாகா. உரலுக்குள் உட்கார்ந்து பறப்பாள். உலக்கையால் உந்துவாள், வந்த தடத்தை விளக்குமாற்றால் பெருக்கி அழித்துக்கொண்டே போவாள். ஒரு கால் வெறும் எலும்பு. வழி தவறி வரும் பிள்ளைகளைத் தின்னவும் செய்வாள், சில கதைகளில் குதிரையும் அறிவுரையும் கொடுத்து அனுப்பவும் செய்வாள். அவள் வீடு கோழிக்கால் மேல் நிற்கும்.

சின்ன வயதில் எங்கள் வீட்டில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் நிறைய இருந்தன. முன்னேற்றப் பதிப்பகமும் பிறகு ராதுகா பதிப்பகமும் அச்சிட்டு அனுப்ப, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஊர் ஊராக விற்ற புத்தகங்கள். மாமா ஒவ்வொரு கண்காட்சியிலும் ஒரு கட்டு வாங்கி வருவார். பிர்ச் மரத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே அதன் வெள்ளைப் பட்டையும் கறுப்புத் தழும்பும் எனக்குப் பழக்கம். கோழிக்கால் வீட்டையும் அப்படித்தான் தெரியும். தெரிந்ததை வரைவது சுலபம் என்று நம்பி உட்கார்ந்தேன்.

முதல் 20 படங்களில் வீடு ஓடியது. இரண்டு பெரிய கால், மேலே சாய்ந்த கூரை, புகைபோக்கி, கண் மாதிரி இரண்டு ஜன்னல், வாய் மாதிரி ஒரு கதவு. காட்டை மிதித்துக்கொண்டு பாய்ந்து வரும் வீடு. பார்க்க உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் அதை எங்கேயோ பலமுறை பார்த்திருக்கிறேன் என்ற உறுத்தல் போகவில்லை. கார்ட்டூன்களிலும் வீடியோ கேம்களிலும் இந்த வீடு இப்படித்தான் ஓடுகிறது. சரி, கதையில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம் என்று, ரஷ்ய எழுத்துகளைக் கற்றுக்கொண்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்து, வரி வரியாக மூலத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை எட்டுப் பகுதிகளாக வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்புதான் இதற்கெல்லாம் தாய்வீடு. ஏறக்குறைய 600 கதைகள். அவற்றில் நான் படித்தவரை வீடு ஓடவே இல்லை. நிற்கிறது. நின்ற இடத்திலேயே திரும்புகிறது. அவ்வளவுதான்.

கதாநாயகன் காட்டுக்குள் நடந்து நடந்து இந்த வீட்டின் முன் வருகிறான். அவன் கண்ணுக்குத் தெரிவது வீட்டின் பின்பக்கம். அப்போது அவன் சொல்ல வேண்டிய வாசகம் கதைக்குக் கதை சின்னச் சின்ன மாற்றத்தோடு வந்துகொண்டே இருக்கிறது: “குடிசையே, குடிசையே, காட்டுக்கு முதுகைக் காட்டு, எனக்கு முகத்தைக் காட்டு.” வீடு திரும்புகிறது. கதவு தெரிகிறது. உள்ளே போகிறான்.

இந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அக்கா மகள் என் பக்கத்தில் இருந்தாள். ஆறு வயது. கதையைச் சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த படங்களையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அவன் ஏன் சித்தி சுத்திட்டுப் போகல?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. வீடுதானே, பின்பக்கம் தெரிந்தால் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போவதற்கு என்ன? பத்து எட்டு நடந்தால் போதும். மந்திர வாசகம் எதற்கு?

இதே கேள்வியை விளாதிமிர் ப்ரோப் கேட்டிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. லெனின்கிராடில் பேராசிரியராக இருந்தவர். மந்திரக் கதைகளின் வரலாற்று வேர்களைத் தேடி 1946-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இந்தக் குடிசைக்குப் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். கதாநாயகன் இவான் ஏன் சுற்றிப் போகவில்லை? முடியாது என்பதால். கண்ணுக்குத் தெரிந்தோ தெரியாமலோ அங்கே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. இந்தப் பக்கம் உயிரோடு இருப்பவர்களின் உலகம், அந்தப் பக்கம் இறந்தவர்களின் உலகம். குடிசை அந்தக் கோட்டின் மேல் நிற்கும் காவல் சாவடி. அதன் கதவு எப்போதும் அந்தப் பக்கம் பார்த்தபடிதான் இருக்கும். கோட்டைத் தாண்டக் குடிசைக்குள் புகுந்து வெளியேறுவதைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால்தான் அதைப் பேச்சால் திருப்ப வேண்டியிருக்கிறது.

ப்ரோப் எழுதியதை எல்லா ஆய்வாளர்களும் அப்படியே ஏற்பதில்லை. எனக்கு ஆய்வுச் சண்டை முக்கியம் இல்லை. படம் வரைகிறவளுக்கு அந்த விளக்கம் ஒரு பெரிய கதவைத் திறந்துவிட்டது. இத்தனை நாளாக நான் வரைந்தது வீட்டின் முகத்தை. ஆனால் இவான் முதலில் பார்ப்பது முகத்தை அல்லவே. ஜன்னலும் வாசலும் இல்லாத ஒரு மரச்சுவர் அவன் முன்னால் நிற்கிறது. புஷ்கின் தன் ‘ருஸ்லானும் லுத்மீலாவும்’ காவியத்துக்கு 1828-இல் சேர்த்த முன்னுரைப் பாடலில் சரியாக அதைத்தான் சொல்கிறார்: கோழிக்கால் குடிசை ஒன்று அங்கே நிற்கிறது, ஜன்னல் இல்லாமல், கதவு இல்லாமல். ரஷ்யக் குழந்தைகள் மனப்பாடமாகச் சொல்லும் வரி. அதை அலங்கார வரி என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அது ஓவியனுக்கான குறிப்பு!

சரி, சுவரை வரைய வேண்டும். எப்படிப்பட்ட சுவர்?

இங்கே நான் சந்தோஷமாகத் தொலைந்துபோனேன். ரஷ்யாவின் வடபகுதி மரவீடுகளின் புகைப்படங்களை இரண்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்கு இஸ்பா என்று பெயர். முழு மரங்களைப் படுக்கவைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டுவது. நான்கு மரம் சேர்ந்த ஒரு சுற்றை அவர்கள் வெனெட்ஸ் என்கிறார்கள், கிரீடம் என்று பொருள். மர இடுக்குகளில் காற்றுப் புகாமல் பாசியைத் திணிப்பார்கள். மூலையில் மரங்களைக் கோத்து இணைக்கும் முறை பல உண்டு. ஒன்றில் மரநுனிகள் மூலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்தவுடன் தெரியும். இன்னொன்றில் நுனிகளைச் செதுக்கி மூலையோடு மூலையாக வழவழப்பாக முடித்துவிடுவார்கள். அந்த இரண்டாவது முறைக்குப் பெயர் ‘லாப்பா’ வெட்டு. லாப்பா என்றால் விலங்கின் பாதம். தச்சர்களின் பேச்சிலேயே வீட்டுக்குப் பாதம் இருக்கிறது.

இதைவிடவும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கூரை. பழைய வடக்கத்தி வீடுகளில் ஆணி இல்லாமல் கூரை போட்டிருக்கிறார்கள். இளம் ஸ்ப்ரூஸ் மரத்தை வேரோடு தோண்டி எடுத்து, அடிமரத்திலிருந்து வளைந்து போகும் ஒரு வேரை மட்டும் கொக்கி மாதிரி விட்டுவிட்டு மற்றதை வெட்டிவிடுவார்கள். இந்தக் கொக்கி மரங்களைக் கூரைச் சரிவில் வரிசையாகப் பதிப்பார்கள். இறவாணத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கிகளின் மேல், மழைநீர் ஓடக் குடைந்த ஒரு நீள மரம் உட்காரும். கூரைப் பலகைகளின் கீழ்நுனி அந்தக் குடைவுக்குள் செருகி நிற்கும். மேலே முகட்டில் கனமான ஒரு மரத்தைக் கவிழ்த்து வைத்தால் அதன் பாரமே எல்லாப் பலகைகளையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்த முகட்டு மரத்தின் அடிப்பக்கம் தடித்து முன்னால் நீளும். அதைக் குதிரைத் தலையாகச் செதுக்குவார்கள், குட்டிக் குதிரை என்றே அதற்குப் பெயர். கீழே இறவாணத்தில் இருக்கும் அந்த வேர்க் கொக்கிகளுக்கு என்ன பெயர் தெரியுமா? குரித்ஸா. அதாவது கோழி. அவற்றின் நுனியைப் பறவைத் தலையாகச் செதுக்கும் வழக்கமும் உண்டு.

ஆக, நிஜமான ரஷ்ய வீட்டிலேயே கோழிகள் இருக்கின்றன. கூரையைத் தாங்குகின்றன. வேரிலிருந்து செய்யப்பட்ட கோழிகள். கிழவியின் வீட்டுக் கால் அங்கிருந்துதான் இறங்கி வந்தது என்று நான் நிறுவ வரவில்லை. ஆனால் என் படத்தில் கூரையோரத்தில் ஏழு மரக்கோழிகளைச் செதுக்கிவைத்தேன். அவற்றை வரைந்த பிறகு கீழே கோழிக்கால் வைத்தபோது, அது வெளியிலிருந்து ஒட்டவைத்த மாதிரி இல்லை. வீட்டோடு சேர்ந்து வளர்ந்த மாதிரி இருந்தது.

கால் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கங்கள் இருக்கின்றன, அவையும் படத்துக்கு உதவின. வடக்கே தானியக் களஞ்சியங்களைத் தரையில் கட்டமாட்டார்கள். எலிக்கும் ஈரத்துக்கும் பயந்து கட்டைக் கால்களின் மேல் தூக்கிக் கட்டுவார்கள். அர்காங்கெல்ஸ்க் நகரத்துக்குப் பக்கத்தில் மாலியே கொரேலி என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட களஞ்சியங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் வடக்கே போனால் சாமி இன மக்கள் ஒரே ஒரு மரக்காலின் மேல் உணவுக் கூண்டு வைப்பார்கள். ஒற்றை அடிமரம், வேர்கள் நாலாபக்கமும் விரிந்து தரையைப் பிடித்திருக்கும், மேலே ஒரு சின்னப் பெட்டி வீடு. ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது. அதன் புகைப்படத்தைப் பார்த்தால் எந்தக் குழந்தையும் ‘கோழிக்கால்’ என்று சொல்லும். சைபீரியாவில் ஹான்ட்டி, மான்சி இன மக்கள் தங்கள் தெய்வ உருவங்களைக் காட்டுக்குள் இப்படித் தூக்கிக் கட்டிய கூண்டுகளில் வைத்திருக்கிறார்கள்.

மரணத்தோடும் தொடர்பு உண்டு. பழைய ரஷ்ய நாளாகமம், 12-ஆம் நூற்றாண்டு நூல், வியாத்திச்சி போன்ற சில ஸ்லாவிய இனத்தார் இறந்தவர்களை எரித்து, எலும்பை ஒரு சிறு கலத்தில் எடுத்து, வழியோரத் தூண்களின் மேல் வைத்தார்கள் என்று எழுதுகிறது. தூணின் மேல் எலும்பு, அதுவும் காட்டு வழியில். அந்த வரியைப் படித்த இரவு என் ஸ்கெட்ச் புத்தகத்தில் வீட்டின் அளவு பாதியாகக் குறைந்துவிட்டது.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வரைந்த ஓடும் வீடு மாடி வைத்த பெரிய வீடு. கதைகளில் வீடு சின்னது. உள்ளே கிழவி எப்படி இருக்கிறாள் என்பதைச் சொல்ல ஒரு வாசகம் உண்டு: அடுப்பின் மேல், ஒன்பதாம் செங்கல்லின் மேல், பாபா யாகா எலும்புக்கால் படுத்திருக்கிறாள், மூக்கு விட்டத்தில் முளைத்துப் பதிந்திருக்கிறது. இன்னொரு கதையில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை நீண்டு கிடக்கிறாள். அப்படியென்றால் வீடு அவள் உடம்புக்கு எடுத்த அளவு. அசைய இடமில்லை. சவப்பெட்டியில் படுத்திருக்கும் பிணம் என்கிறார் ப்ரோப். அவள் யாரையும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பதில்லை என்பதையும் அவர்தான் கவனிக்க வைத்தார். மோப்பம் பிடிக்கிறாள். “ரஷ்ய வாடை அடிக்கிறதே” என்பதுதான் அவள் வாயில் வரும் முதல் பேச்சு. உயிரோடிருப்பவன் வாடை.

இனி கால். இதற்கு நான் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. அம்மா கோபியில் நாட்டுக்கோழி வளர்க்கிறார். புகைப்படம் பார்த்து வரைந்த கால்கள் எல்லாம் இறைச்சிக்கடைக் கால்களாகவே வந்தன, நிற்கிற பலம் அவற்றில் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, மேய்கிற கோழியைப் பார்த்து வரையப் பார்த்தேன். அது எங்கே நிற்கிறது?

“கோழிக்காலையா கண்ணு வரையற? இரு, நா புடிச்சுக்கறேன்” என்று அம்மா ஒரு சாம்பல் பெட்டையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார், கோழியும்தான்.

அன்று கற்றது நிறைய. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. காலின் முன்பக்கம் செதில்கள் பெரிய தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்று கவிந்து இறங்குகின்றன, கூரை ஓடு மாதிரி. பின்னோக்கி மடங்கும் முழங்கால் என்று நாம் நினைப்பது கோழியின் கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. அப்படியானால் வீட்டுக்கு அடியில் தெரிய வேண்டியது கணுக்காலுக்குக் கீழே மட்டும்தான். தொடையும் முழங்காலும் வீட்டுக்குள் இருக்கின்றன! மரச்சுவர்தான் அதன் இறகும் உடம்பும். இதுவரை நான் தரைப்பலகையிலிருந்து தொடையை வெளியே தொங்கவிட்டிருந்தேன், அதனால்தான் இரண்டும் இரண்டாகவே நின்றன. அப்புறம், அம்மா கோழியைத் தூக்கும்போது கால் மடங்கியது, மடங்கியவுடன் விரல்கள் தானாகச் சுருண்டன. கிளையில் உட்கார்ந்து தூங்கும்போது விழாமல் இருக்க இயற்கை கொடுத்த ஏற்பாடு அது. கால் மடங்கினால் தசைநார் இழுத்து விரல் இறுகிவிடும். தூங்கும் வீட்டை வரைந்தால் விரல்கள் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும்.

எத்தனை கால் என்பதில் எனக்கே என்னோடு நீண்ட வாக்குவாதம். இரண்டு என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். ஆனால் மூலக்கதைகளில் ஒருமையும் வருகிறது. வாத்துகள் தம்பியைத் தூக்கிப்போகும் கதையில் குடிசை ஒற்றைக் கோழிக்காலில், ஒற்றை ஜன்னலோடு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நிற்கிறது. போலந்துக்காரர்களும் ஒற்றைக்கால் என்றே சொல்கிறார்கள். ஒற்றைக்காலில் நின்றால்தானே சுற்ற முடியும். சில கதைகளில் இன்னும் விநோதமான ஒரு சேர்க்கை உண்டு: கோழிக்காலின் மேல், தக்களியின் குதிகால் மேல் நிற்கும் குடிசை. நூல் நூற்கிற தக்களி. அது சுழல்வது கீழ்நுனியை ஊன்றிக்கொண்டு.

இந்தக் குதிகால் என்ற சொல்லைத் தேடப் போய்த்தான் எனக்கு வேண்டியது கிடைத்தது. ரஷ்ய மொழியில் பியத்தா என்றால் குதிகால். பழைய மரக்கதவுகளுக்குக் கீல் கிடையாது, கதவின் ஓரத்தில் மேலும் கீழும் முளை நீட்டிக்கொண்டிருக்கும், அது குழியில் உட்கார்ந்து திரும்பும். அந்த முளைக்கும் அவர்கள் குதிகால் என்றுதான் சொல்கிறார்கள். நம் வீடுகளில் அதைக் கதவுக் குடுமி என்போம். பாட்டி வீட்டில் மழைக்காலத்தில் குடுமி ஊறிக் கதவு முனகும். விளக்கெண்ணெய் விடுவார்கள். அஃபனாசியெவ் தொகுப்பில் ஒரு சின்னப் பெண் பாபா யாகாவின் வீட்டிலிருந்து தப்பிக்கும்போது வாயிற்கதவின் குதிகால்களுக்குக் கீழே எண்ணெய் ஊற்றுகிறாள். அதனால் கதவு அவளைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுவிடுகிறது. கிழவி வந்து திட்டும்போது கதவு சொல்கிறது: இத்தனை காலம் உழைத்தேன், நீ ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விட்டதில்லை, அவள் எண்ணெய் விட்டாள்.

குதிகால் மேல் நின்று திரும்புவது கதவு. கிழவியின் வீடும் குதிகால் மேல் நின்று திரும்புகிறது. அந்த வீடு முழுவதும் ஒரு கதவு. வாசல் இல்லாத வீடு என்று புஷ்கின் சொன்னது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இது எந்த ஆய்வாளரின் முடிவும் இல்லை, அகராதியோடு உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில் எனக்குத் தோன்றியது. ஆனால் அன்றே ஒற்றைக்கால் என்று முடிவு செய்துவிட்டேன், பின்விரலைத் தடித்து நீளமாக, தரையில் தானே தோண்டிய ஒரு குழியில் ஊன்றியபடி.

எனக்கு முன்னால் இதை வரைந்தவர்களையும் பார்க்காமல் இருக்க முடியுமா? விக்தர் ஹார்ட்மன் என்ற கட்டடக்கலைஞர் இந்தக் குடிசையை ஒரு கடிகாரமாக வடிவமைத்தார். அவர் 39 வயதில் இறந்த பிறகு 1874-இல் பீட்டர்ஸ்பர்கில் நடந்த நினைவுக் கண்காட்சியைப் பார்த்த அவர் நண்பர் முஸோர்க்ஸ்கி, அந்தப் படங்களை வைத்து அமைத்த பியானோ இசைத்தொகுதியில் ஒரு பகுதி கோழிக்கால் குடிசை. அசையாத கடிகாரத்தைப் பார்த்தவர் கிழவியை உரலில் பறக்கவிட்டுவிட்டார். அதன் நடுவில் எல்லாம் அடங்கி, நடுங்குகிற ஒரு மெல்லிய ஒலி மட்டும் வரும் இடம் ஒன்று உண்டு. வரையும்போது அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விக்தர் வாஸ்னெத்ஸோவ் வரைவதோடு நிற்கவில்லை, கட்டியே விட்டார். மாஸ்கோவுக்கு வடகிழக்கே அப்ராம்த்ஸெவோ என்ற பண்ணை, சாவா மாமன்தவ் என்ற ரயில்வே செல்வந்தருடையது. ஓவியர்களுக்கு அங்கே எப்போதும் இடம் உண்டு. அங்கே தோட்டத்தில், பிள்ளைகள் விளையாடுவதற்காக 1883-இல் அவர் வடிவமைத்த குடிசை இன்றும் நிற்கிறது. அதன் கால்கள் வெறும் மரக்கட்டைகள். புகைப்படத்தில் பார்த்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு அதுதான் அழகு என்று பட்டது. வியாத்கா மாநிலத்தில் ஒரு கிராமத்தில் வளர்ந்த பாதிரியார் மகன் அவர். கட்டைமேல் நிற்கும் களஞ்சியத்தைச் சின்ன வயதில் பார்த்தவர் கோழிக்கால் என்று கேட்டால் கட்டையைத்தான் நினைப்பார்.

ஆனால் என் குரு இவான் பிலீபின். 1899 கோடையில் த்வேர் மாநிலத்தில் யெக்னி என்ற கிராமத்தில் தங்கியிருந்தபோது, 23 வயதில், கதைகளுக்குப் படம் போட ஆரம்பித்தார். அந்தத் தொடர் 1901 முதல் 1903 வரை ஆறு மெல்லிய புத்தகங்களாக வந்தது. அச்சிட்டது ரஷ்யப் பேரரசின் பணத்தாள் அச்சிடும் அரசு அச்சகம். அந்தத் துல்லியம் பக்கங்களில் தெரியும். பிலீபின் கோடு போடுவதற்குப் பேனாவைப் பயன்படுத்தவில்லை. மெல்லிய தூரிகையின் நுனியைச் சாய்வாகக் கத்தரித்து, உளி மாதிரி ஆக்கிக்கொண்டு, அதனால் அறுபடாத ஒரே கனத்தில் கோடு இழுத்தார். கோட்டுக்குள் தட்டையாக வண்ணம். கூட இருந்த ஓவியர்கள் அவரை ‘இரும்புக்கை இவான்’ என்று கூப்பிட்டார்கள். நானும் ஒரு பழைய தூரிகையைக் கத்தரித்துப் பார்த்தேன். முதல் வாரம் கை நடுங்கியது. மூன்றாவது வாரம் ஒரு மரத்தின் முழு நீளத்துக்கும் ஒரே மூச்சில் கோடு வந்தது. அந்த மரம் இறுதிப் படத்திலும் இருக்கிறது, கீழிருந்து நான்காவது கிரீடத்தில்.

அழகி வாசிலிஸா பாபா யாகாவின் வீட்டைவிட்டுப் போகும் பிலீபினின் படத்தை நான் நாள் கணக்கில் பார்த்திருக்கிறேன். கையில் ஒரு கம்பு, கம்பில் ஒரு மண்டையோடு, அதன் கண்குழிகளிலிருந்து வெளிச்சம். பின்னால் இருட்டில் வீடு. அந்தக் கதையில் வீட்டின் வர்ணனை எதிலும் இல்லாத அளவுக்கு விரிவானது. வேலி மனித எலும்பால் ஆனது. வேலிமேல் கண்ணுள்ள மண்டையோடுகள். வாசலில் நிலைக்குப் பதில் மனிதக் கால்கள், தாழ்ப்பாளுக்குப் பதில் கைகள், பூட்டுக்குப் பதில் கூரிய பல்லுள்ள வாய். இவ்வளவு சொல்லும் அந்த வர்ணனை கோழிக்காலைப் பற்றிப் பேசவே இல்லை! மூன்றுமுறை படித்து உறுதி செய்துகொண்டேன். ஓவியர்கள் எல்லாக் கதைகளிலிருந்தும் எடுத்து ஒரே வீட்டில் சேர்த்துவிட்டோம்.

நானும் ஒன்று சேர்த்தேன். மரியா மொரேவ்னா கதையில் கிழவி வீட்டைச் சுற்றி 12 கம்புகள். 11-இல் மனிதத் தலைகள். ஒன்று மட்டும் காலி. அந்தக் காலிக் கம்பை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். தலைகளை நான் ஊசியிலை மரங்களின் இருட்டில் பாதி மறைத்துவிட்டேன். ஆறு வயதுக்காரிக்கான புத்தகம் இது, ஆனால் பயத்தை முழுக்கத் துடைத்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. காலிக் கம்பை மட்டும் முன்னால், வெளிச்சத்தில் நிறுத்தினேன். அதில் ஒன்றும் இல்லை, வெறும் மரம்.

பதிப்பாளரிடம் ஒரே ஒரு சலுகை கேட்டேன். இவான் வந்து நிற்கும் படம் வலப்பக்கத்தில் வர வேண்டும், அதன் மறுபுறத்தில் அடுத்த படம். வலப்பக்கத்தில் பின்சுவர் மட்டும்: 14 கிரீடங்கள், இடுக்கில் பாசி, ஏழு மரக்கோழிகள், கீழே ஒற்றைக்கால். ஜன்னல் இல்லை, கதவு இல்லை. ஓரத்தில் இவானின் முதுகும் தொப்பியும். அடியில் அந்த வாசகம். தாளைப் புரட்டினால் அதே வீடு, அதே அளவில், அதே இடத்தில், முகம் திருப்பி நிற்கும். பதிப்பாளர் யோசித்தார். ஒரு பக்கம் முழுக்க வெறும் சுவரா என்று கேட்டார். அக்கா மகளிடம் மாதிரித் தாளைக் கொடுத்துக் காட்டினேன். வாசகத்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டுத் தாளைப் புரட்டாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டாம் முறை, கொஞ்சம் மரியாதையாக, “குடிசையே குடிசையே, கொஞ்சம் திரும்புங்க” என்றாள். பதிப்பாளர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் உள்பக்கம் பாக்கி இருக்கிறது. ரஷ்ய அடுப்பு சின்னச் சாமான் இல்லை, வீட்டின் கால்பங்கை அடைத்துக்கொள்ளும், மேலே ஆள் படுக்கலாம். அந்த அடுப்பும், அதன் மேல் ஒன்பதாம் செங்கல்லில் கிழவியும், விட்டத்தில் பதிந்த மூக்கும், இந்தச் சின்ன அறைக்குள் அடங்க வேண்டும். அவள் கண்கள் மூடியிருப்பதாகவே வரையப் போகிறேன். நேற்று செங்கற்களைத் தொடங்கினேன். அடியிலிருந்து எண்ணிக்கொண்டு வருகிறேன், ஆறு முடிந்திருக்கிறது.